பாவா ஆதம் மலையில் புலி கண்டவர்கள்

 

கொஞ்சம் நீண்ட பதிவு. வரலாறு படிப்பிக்கிறவனுக்குச் சுருக்கமாக எழுத வராது. ஆறுதலாக வாசியுங்கள்.

உயர்தரப் பரீட்சை முடிந்தால் இப்போது நம்ம ஜிந்துப்பிட்டி, கொட்டாஞ்சேனைப் பிள்ளைகள் செய்கிற முதல் வேலை, பை ஒன்றைத் தோளில் போட்டுக்கொண்டு கோட்டையில் ரயிலேறி மலைநாட்டுக்குப் போவதுதான். நல்ல பழக்கம். போன இடத்தில் யாருக்காவது ஒரு சிறுத்தை கண்ணில் பட்டுவிட்டால், அன்றிரவே அந்த வீடியோ எல்லா வட்ஸ்அப் குழுக்களிலும் சுற்றும். போன மாதம் தரம் 9 மாணவன் ஒருவன், "சேர், அமெரிக்காவில மலை ஏறுறவங்களுக்கு மலைச்சிங்கம் வருதாமே, எங்கட மலையில இருக்கா?" என்று கேட்டான்.

மலைச்சிங்கம் என்று அங்கே சொல்வது பியூமா என்ற மிருகத்தை. அது அமெரிக்கக் கண்டங்களுக்கு மட்டும் உரியது. எங்கள் மலைகளில் இருப்பது சிறுத்தை. வகுப்பில் இந்தப் பதில் போதும். ஆனால் சிறுத்தையை யார் கண்டார்கள், யார் கண்டது எழுதப்பட்டது, யார் கண்டது எழுதப்படவில்லை என்று பார்த்தால், இந்த நாட்டின் இருநூறு வருட வரலாறு அதற்குள் கிடக்கிறது. அதைத்தான் எழுத நினைத்தேன்.

*

முதலில் சிங்கத்தின் கதை. தேசியக் கொடியில் சிங்கம் இருக்கிறது, காட்டில் இல்லை. ஆனால் ஒரு காலத்தில் இருந்தது. இரத்தினபுரி மாவட்டத்தின் குருவிட்டப் பகுதியில் கிடைத்த பற்களை வைத்து, 1939இல் பி.ஈ.பி. தெரணியகல என்ற அறிஞர் இலங்கைச் சிங்கம் ஒன்றை விவரித்தார். கொழும்பு நூதனசாலையின் பணிப்பாளராக நீண்ட காலம் இருந்தவர் அவர். அதே குருவிட்டப் பக்கத்தில், படதொம்பலென குகையில், வரிப்புலியின் எச்சங்களும் கிடைத்திருக்கின்றன. அவை 16,000 வருடங்களுக்கும் மேற்பட்ட பழைமை உள்ளவை.

குருவிட்ட எங்கே இருக்கிறது? பாவா ஆதம் மலையின் ஓர் அடிவாரத்தில். குருவிட்ட, எரத்ன வழியாக மலையேறுகிற பாதை இன்றும் இருக்கிறது. ஆக, அந்த மலையடிவாரத்தில் ஒரு காலத்தில் சிங்கமும் வரிப்புலியும் திரிந்திருக்கின்றன. இரண்டும் போய்விட்டன. இன்று இலங்கையில் மிஞ்சியிருக்கிற ஒரே பெரும்பூனை சிறுத்தை. அதற்கும் விஞ்ஞானப் பெயர் வைத்தவர் தெரணியகலதான். 1956இல், இலங்கைச் சிறுத்தை தனி உப இனம் என்று 'கொட்டியா' என்ற பெயரைக் கொடுத்தார். சிங்களத்தில் இன்று சிறுத்தையை 'திவியா' என்கிறார்கள், கொட்டியா என்றால் வரிப்புலி. தமிழில் நாம் இரண்டையும் 'புலி' என்கிறோம். இந்தப் பெயர்க் குழப்பம் பின்னால் வரும், ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

*

எங்கள் ஆட்கள் பாவா ஆதம் மலை என்பதும், இந்துக்கள் சிவனொளிபாதமலை என்பதும், பௌத்தர்கள் ஸ்ரீபாத என்பதும் ஒரே மலைதான். அங்கு ஏறியவர்களில் எங்களுக்கு நன்றாகத் தெரிந்தவர் இப்னு பதூதா. 1344இல் மாலைதீவிலிருந்து வந்து புத்தளத்தில் இறங்கி, ஆரியச் சக்கரவர்த்தியின் உதவியோடு மலைக்குப் போனார். வழியில் கண்டதை எழுதியிருக்கிறார்: யானைகள், நீண்ட வாலுள்ள கறுத்த குரங்குகள், மரத்திலும் புல்லிலும் இருந்து பாய்கிற அட்டைகள். அட்டை கடித்தால் பிழிந்துவிட மக்கள் கையில் எலுமிச்சை வைத்திருந்தார்களாம். இன்றைக்கும் மலையேறுகிறவர்கள் பையில் எலுமிச்சையும் சவர்க்காரமும் கொண்டுபோகிறார்கள். ஏறக்குறைய 680 வருடமாக அட்டை மாறவில்லை.

ஆனால் மலை மாறியது. பிரித்தானியர் 1815இல் கண்டியைப் பிடித்த பிறகு, 1830களிலிருந்து காட்டை வெட்டி எரித்துக் கோப்பி நட்டார்கள். 1869இல் கோப்பியில் இலைநோய் விழுந்தது. ஜேம்ஸ் டெய்லர் 1867இல் லூல்கந்துரவில் தொடங்கியிருந்த தேயிலை அந்த இடத்தைப் பிடித்தது. மலைச்சரிவில் காடு ஏறி ஏறிப் போனது, தோட்டம் பின்னாலேயே துரத்திப் போனது.

இதில் ஒரு முக்கியமான திருப்பம் உண்டு. 1873இல் தாவரவியல் அறிஞர் ஜோசப் ஹூக்கர், 5,000 அடிக்கு மேலே உள்ள காட்டை வெட்டக்கூடாது என்று ஆலோசனை சொன்னார். ஆறுகளுக்கு நீர் தருவது அந்தக் காடு என்பதால். அரசாங்கமும் ஏற்றுக்கொண்டது. ஹோர்ட்டன் சமவெளியும் அதைச் சுற்றிய உச்சிக் காடுகளும் இன்று நிற்பதற்கு அந்த முடிவு ஒரு பெரிய காரணம்.

விளைவைப் படமாக நினைத்துப் பாருங்கள். மேலே காடு. கீழே தேயிலை. தேயிலைக்கு நடுவில் லயங்கள். காட்டுக்கும் லயத்துக்கும் இடையில் வேலி இல்லை, சில இடங்களில் ஒரு ஓடை மட்டும்தான். சிறுத்தை மேலே தங்கியது. அது இரவில் இறங்கி வருகிற எல்லையில்தான் தொழிலாளர்களைக் கொண்டுவந்து குடிவைத்தார்கள். தோட்டத்துக்குள் சிறுத்தை புகுந்துவிட்டது என்று பத்திரிகையில் தலைப்புப் போடுகிறோமே, உண்மையில் சிறுத்தையின் பாதைக்குள் தோட்டம் வந்தது. அந்த மக்களும் தாங்களாக இடம் தெரிந்து வந்தவர்கள் இல்லை.

*

அந்தக் காலத்து எழுத்துகளில் சிறுத்தையைக் கண்டவர்கள் யார்? துரைமார். வேட்டைக்காரர்.

சாமுவேல் பேக்கர் நுவரெலியாவில் வேட்டை நாய்களோடு மரைகளைத் துரத்தியதைப் புத்தகமாகவே எழுதினார். மேஜர் ரொஜர்ஸ் என்பவர் 1,400 யானைகளுக்கு மேல் சுட்டதாகச் சொல்வார்கள். 1845இல் ஹப்புத்தளையில் மின்னல் தாக்கி இறந்தார். குடியேற்றச் செயலாளராக இருந்த எமர்சன் டெனன்ட் இலங்கையின் விலங்குகள் பற்றி 1861இல் ஒரு புத்தகம் வெளியிட்டார். இங்கிருந்த ஐரோப்பியர்கள் சிறுத்தையைத் தவறாகச் 'சீட்டா' என்று அழைப்பதையும், இங்குள்ள சிறுத்தை மனிதனை அரிதாகவே தாக்கும் என்பதையும் அதில் குறித்திருக்கிறார்.

சுட்டுச் சுட்டு மிருகங்கள் குறைந்த பிறகு, அதே வேட்டைக்காரர்களும் துரைமாரும் 1894இல் வேட்டை விலங்குகளைப் பாதுகாக்க ஒரு சங்கம் தொடங்கினார்கள். சுடுவதற்கு மிருகம் மிஞ்ச வேண்டுமே! நோக்கம் எப்படியோ, அந்த வழியில்தான் 1937இல் வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டமும், 1938இல் யால, வில்பத்து தேசியப் பூங்காக்களும் வந்தன. ஹோர்ட்டன் சமவெளி 1988இல் தேசியப் பூங்காவானது. 2010இல் அதுவும், பாவா ஆதம் மலையைச் சுற்றிய காடும், நக்கிள்ஸ் மலைத்தொடரும் சேர்ந்து யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலில் இடம்பெற்றன.

*

இலங்கையில் 'ஆட்கொல்லி' என்று பேர் எடுத்த சிறுத்தை ஒன்றே ஒன்று. மட்டக்களப்புப் பாதையில், வாழைச்சேனைக்கு மேற்கே உள்ள புனானை. குறைந்தது 12 பேரைக் கொன்றது என்று பதிவு. 1924இல் கப்டன் ஷெல்டன் அகர் அதைச் சுட்டார். அதன் பாடம் செய்த உடல் கொழும்பு நூதனசாலைக்கு வந்தது.

நூதனசாலை என்றதும் ஒரு சின்ன விலகல். 1877இல் திறந்த அந்த வெள்ளைக் கட்டடத்தைக் கட்டியவர் வாப்பிச்சி மரைக்கார். எங்கள் சமூகத்துக் கட்டடக் கொந்தராத்துக்காரர். திறப்பு விழாவில் உனக்கு என்ன வேண்டும் என்று ஆளுநர் கேட்டபோது, வெள்ளிக்கிழமைகளில் நூதனசாலையை மூடிவிடுங்கள் என்று கேட்டதாக எங்கள் பெரியவர்கள் சொல்வார்கள். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போகிறவர்கள் இதையும் சொல்லிக் கொடுங்கள்.

விஷயத்துக்கு வருகிறேன். புனானைச் சிறுத்தையின் கதையைச் சொல்கிற எல்லோரும் சுட்டவரின் பெயரைச் சொல்கிறார்கள். கிறிஸ்டோபர் ஒண்டாச்சி அந்தச் சிறுத்தையின் பெயரிலேயே ஒரு புத்தகம் எழுதினார். இறந்த பன்னிரண்டு பேர் யார்? எந்த ஊர்? வண்டில்காரரா, கூலிக்குப் போனவரா, யாருடைய வாப்பா, யாருடைய அப்பா? வகுப்பில் நான் இதைக் கேட்பேன். பதில் தெரிய வேண்டும் என்பதற்காக இல்லை. வரலாற்றில் யாருடைய பெயர் மிஞ்சுகிறது என்று பிள்ளைகள் யோசிக்க வேண்டும் என்பதற்காக.

*

நான் பத்தனைக் கல்வியியற் கல்லூரியில் பயின்ற காலத்தில் எங்கள் பிரிவில் பாதிப் பேர் தோட்டத்துப் பிள்ளைகள். கொழும்பிலிருந்து போன எனக்குச் சிறுத்தை என்றால் தெஹிவளை மிருகக்காட்சிசாலை. அவர்களுக்கு அது பக்கத்து மலைக்காரன். ஒருத்தியின் அம்மா கொழுந்து பறிக்கும்போது தேயிலைச் செடிக்கு நடுவில் குட்டிகளைக் கண்டிருக்கிறார். இன்னொருவனின் லயத்தில் ஒரு வருடத்தில் நாலு நாய் போயிருக்கிறது. விடியற்காலையில் பிரட்டுக்களத்துக்குப் போகிற பாதையில் கால்தடம் கண்டவர்கள் எத்தனையோ பேர்.

"யாரிடம் சொன்னீர்கள்?" என்று கேட்டேன்.

நண்பன் சிரித்தான். "யாருகிட்ட சொல்றது? கங்காணிகிட்ட சொன்னா, அந்த மலைய விட்டுட்டு வேற மலையில பறி, ஆனா கிலோ குறையக் கூடாதுன்னு சொல்லுவாரு. குறைஞ்சா அரைப்பேர்தான்."

அரைப்பேர் என்றால் தோட்டத்தில் பாதி நாள் சம்பளம். சிறுத்தையைக் கண்டு பயந்து மலையை விட்டு இறங்கினால் அன்றைய கூலியில் பாதி போச்சு. ஹோர்ட்டன் சமவெளியில் 'உலக முடிவு' பார்க்கப் போன ஒருவர் பத்து விநாடி சிறுத்தையைக் கண்டால் அது அதிர்ஷ்டம். கொழுந்துக்கூடையோடு நிற்கிற ஒரு தாய் கண்டால் அது நஷ்டம். மிருகம் ஒன்றுதான்.

இன்னொரு சங்கடமும் இருந்தது. பெயர்க் குழப்பம் என்று மேலே சொன்னேனே. தோட்டத்தில் சிறுத்தையை யாரும் சிறுத்தை என்று சொல்வதில்லை, புலி என்பார்கள். யுத்த காலத்தில் ஒரு மலையகத் தமிழன் பொலிஸுக்குப் போய் "எங்கட தோட்டத்துக்குப் புலி வந்திருச்சு" என்று சொன்னால் என்ன நடக்கும்? கல்லூரி விடுதியில் இதை நடித்துக் காட்டி விழுந்து விழுந்து சிரிப்பார்கள். சிரித்து முடிந்ததும் கொஞ்ச நேரம் யாரும் பேசமாட்டார்கள். தாய்மொழியில் ஒரு மிருகத்தின் பெயரைச் சொல்லப் பயந்த காலம் அது.

இப்படித்தான் மலைநாட்டுச் சிறுத்தையை அதிகம் கண்டவர்களின் சாட்சியம் எந்தக் கோப்பிலும் ஏறாமல் போனது. மலைநாட்டில் சிறுத்தை 'அபூர்வம்' என்று நாங்கள் கொழும்பிலிருந்து நினைத்துக்கொண்டோம். அண்மைக் காலத்தில் ஆய்வாளர்கள் தேயிலைத் தோட்டங்களை ஒட்டிய காட்டுத் துண்டுகளில் தானியங்கிக் கமராக்களைக் கட்டிய பிறகு, தோட்டத்து மக்கள் சொல்லிவந்தது சரி என்று தெரிந்தது. சிறுத்தைகள் பூங்காவுக்குள் மட்டும் இல்லை. ஓடைக்கரைக் காட்டிலும், யூக்கலிப்டஸ் தோப்பிலும், லயத்துக்குப் பின்னாலும் இருக்கின்றன.

*

2019இல் வனஜீவராசிகள் திணைக்களத்தின் கமராவில் ஒரு கருஞ்சிறுத்தை பதிவானது. அது வேறு இனம் இல்லை. நிறமியைக் கூட்டுகிற ஒரு மரபணுவால் தோல் கறுத்த அதே சிறுத்தைதான், வெயிலில் பார்த்தால் கறுப்புக்குள் புள்ளிகள் தெரியும். நாடே கொண்டாடியது.

2020 மே 26. நோன்புப் பெருநாள் முடிந்து இரண்டாம் நாள். கொரோனா ஊரடங்கில் ஜிந்துப்பிட்டியில் நாங்கள் வீட்டுக்குள் அடைபட்டிருந்த காலம். அன்றுதான் அமைச்சர் ஆறுமுகன் தொண்டமான் காலமானார், மலையகம் முழுக்க அந்தச் செய்திதான். அதே நாளில் பாவா ஆதம் மலையின் அடிவாரத்தில், நல்லதண்ணி லக்ஷபான தோட்டத்தில், ஒரு கருஞ்சிறுத்தை சுருக்குக் கம்பியில் மாட்டிக்கொண்டது. கழுத்தில் கம்பி இறுகியிருந்தது. உயிரோடு மீட்டு உடவளவைக்குக் கொண்டுபோனார்கள். மூன்றாம் நாள், மே 29இல், இறந்துவிட்டது.

யார் அந்தச் சுருக்கை வைத்தது என்று கேட்டு எல்லோரும் திட்டினார்கள். நானும் கோபப்பட்டேன். ஆனால் சுருக்கு என்றால் என்ன என்று தெரிந்துகொள்ள வேண்டும். மோட்டார் சைக்கிள் பிரேக் கேபிளோ சாதாரணக் கம்பியோ போதும், கிட்டத்தட்டச் செலவே இல்லை. அதை வைப்பது சிறுத்தைக்கு இல்லை, காட்டுப் பன்றிக்கு. லயத்துக்குப் பக்கத்தில் ஒரு துண்டு நிலத்தில் மரவள்ளியோ கோவாவோ போட்டவருக்கு ஒரே இரவில் பன்றி எல்லாவற்றையும் கிண்டிவிடும். ஊரடங்கில் கையில் காசில்லாத வீட்டுக்கு அந்தத் துண்டு நிலம் பெரிய விஷயம். சிலர் இறைச்சிக்காகவும் வைக்கிறார்கள், அதையும் மறைக்கத் தேவையில்லை. பன்றி போகிற பாதையில்தான் பன்றியைத் தேடிச் சிறுத்தையும் போகிறது. கம்பிக்கு ஆள் தெரியாது.

மலைநாட்டில் மட்டும் இல்லை. 2018 ஜூனில் கிளிநொச்சி அம்பாள்குளத்தில் ஒரு சிறுத்தை ஊருக்குள் வந்து பத்துப் பேர் வரை காயப்பட்டார்கள். கூட்டம் கூடி அதை அடித்துக் கொன்று, வீடியோவும் எடுத்துப் பரப்பியது. பலர் கைதானார்கள். அந்த வீடியோவைப் பார்த்தவர்கள் மறந்திருக்க மாட்டீர்கள். காயப்பட்ட குடும்பங்களின் பயம் நியாயமானது. மயக்க ஊசியோடு ஆட்கள் நேரத்துக்கு வரவேண்டும் என்ற கோரிக்கையும் நியாயமானது. சுற்றிவளைத்துக் கொன்று செல்ஃபி எடுத்ததில் எந்த நியாயமும் இல்லை.

வளர்ந்த சிறுத்தைகள் நாடு முழுவதும் ஆயிரத்துக்கும் குறைவு என்பதே ஆய்வாளர்களின் மதிப்பீடு. 2021 முதல் ஓகஸ்ட் 1ஆம் திகதி இலங்கைச் சிறுத்தை தினம். பாடசாலைகளில் சித்திரப் போட்டி வைக்கிறோம். நல்லது. ஆனால் சித்திரத்தில் காடும் சிறுத்தையும் மட்டும் இருக்கின்றன. கூடையோடு நிற்கிற அந்த அம்மாவைப் பிள்ளைகள் வரைவதில்லை, நாங்கள் சொல்லிக் கொடுக்கவில்லை.

*

மலையேறப் போகிற பிள்ளைகளுக்கு ஓர் ஆசிரியனாகச் சில வார்த்தைகள்.

சிறுத்தையைக் கண்டால் ஓடாதீர்கள், முதுகைக் காட்டாதீர்கள். மெதுவாகப் பின்னால் போங்கள். பெரும்பாலும் அதுவே விலகிவிடும். குட்டிகள் இருந்தால் படமெடுக்க நிற்கவே வேண்டாம், தாய் பக்கத்தில்தான் இருக்கும். படம் எடுத்தாலும் இடத்தின் பெயரைப் போட்டுப் பரப்பாதீர்கள். நீங்கள் போட்ட மறுநாள் அங்கே ஐம்பது பேர் போவார்கள். அதற்கு அடுத்த நாள் அந்த மலையில் கொழுந்து பறிக்க வேண்டியவர்கள் தோட்டத்துப் பெண்கள். பாதையில் சுருக்குக் கம்பி கண்டால் நீங்களாகக் கை வைக்காமல், இடத்தைக் குறித்துக்கொண்டு வனஜீவராசிகள் அலுவலகத்துக்குச் சொல்லுங்கள்.

அதைவிட முக்கியமாக ஒன்று. ஏறும்போது வழியில் தோட்டத்து ஆட்களைக் கண்டால் நின்று பேசுங்கள். "அண்ணே, இந்தப் பக்கம் புலி வருதா?" என்று கேளுங்கள். அவர்கள் சொல்வதைப் பொறுமையாகக் கேளுங்கள். எந்த ஓடையால் இறங்கும், எந்த மாதத்தில் குட்டி இருக்கும், எந்த மலையில் தனியாகப் பறிக்கக் கூடாது, எல்லாம் அவர்களுக்குத் தெரியும். கல்லூரியில் எனக்குக் கிடைத்த பாடங்களில் பெறுமதியானவை அந்த விடுதி அறையில்தான் கிடைத்தன.

பாவா ஆதம் மலையடியில் சிங்கம் போனபோதும் வரிப்புலி போனபோதும் எழுதிவைக்க யாரும் இருக்கவில்லை. மண்ணுக்குள் ஒரு பல்லும் எலும்பும்தான் மிஞ்சின. சிறுத்தை இருக்கிறது, அதைத் தினமும் காண்கிறவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் "புலி வந்திருச்சு" என்று சொன்னால் கூலி வெட்டாத தோட்டமும், உடனே ஆள் அனுப்புகிற அலுவலகமும், பன்றி கிண்டிய துண்டு நிலத்துக்கு ஒரு நட்டஈடும் இருந்தால், சுருக்குக் கம்பிகளில் பாதி தானாகவே கழன்றுவிடும் என்று நான் நினைக்கிறேன்.

தோட்டத்தில் பிறந்து வளர்ந்த உறவுகள் இதை வாசித்தால், உங்கள் வீட்டில் அம்மா, பாட்டி சொன்ன புலிக் கதைகளைக் கீழே எழுதுங்கள். எந்தத் தோட்டம், எந்த வருடம் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். என் வகுப்புப் பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்ட வேண்டும்.